இரண்டாவது பெட்டிக்கு வந்த பதினொரு வௌவால்கள்

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை 6.52க்கு, வௌவால்கள் தங்கட்டும் என்று நான் சுவரில் ஏற்றிய பெட்டியின் அடியிலிருந்து முதலாவது வௌவால் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தொங்கிய இடத்தில் பிடியை விட்டு, இரண்டு மூன்று அடி கீழே போய், அந்த விழுகையிலேயே சிறகை விரித்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் திரும்பியது. பிறகு இரண்டு, பிறகு ஒன்று. கால் மணி நேரத்தில் பதினொன்று எண்ணினேன். பெட்டி அடிக்கத் தொடங்கி ஒன்றேகால் வருடம். அதற்குள் ஒரு பெட்டி விறகாகிவிட்டது.

எங்களுடையது யாழ்ப்பாணத்து நீர்வேலியில் அப்பப்பா கட்டிய ஓட்டு வீடு. பனை வளை, பனஞ்சலாகை. கிழக்குப் பக்கத்து முகட்டுச் சுவருக்கும் கடைசிச் சலாகைக்கும் நடுவே ஒரு நீட்டு இடுக்கு இருக்கிறது. கடந்த வருடம் தை மாதமளவில் அதற்கு நேர் கீழே திண்ணையில் கறுப்பாகச் சிறு மணிகள் விழத் தொடங்கின. அம்மா எலி என்றார். எலிப் புழுக்கை காய்ந்தால் கல்லாக இறுகும். இதை ஒரு காகிதத்தில் வைத்துக் குச்சியால் அழுத்தியதும் தூளாகிப் போனது. தூளுக்குள் பூச்சிகளின் சிறகுத் துண்டுகள் மினுங்கின. வௌவால்தான்.

சொன்னதும் அம்மாவுக்கு ஆத்திரம். “கறுத்தக்கொழும்பானை நாசமாக்குகிற சனியன்கள் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டனவா?” என்றார். மாம்பழத்தைக் கடிப்பவை வேறு, இவை வேறு என்று விளங்கப்படுத்த ஒரு வாரம் எடுத்தது. பழவௌவால்கள் பெரியவை; கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை; மரத்தில் தொங்குபவை. எங்கள் சுவரில் இருந்தவை விரலளவு உடம்பும் ஐந்து கிராம் சுற்றிய எடையும் கொண்ட பிப்பிஸ்டிரெல் வகைச் சிறு வௌவால்கள். பூச்சி தவிர வேறொன்றும் தின்னாதவை. மாம்பழத்தைக் கொடுத்தாலும் அவற்றுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

முதல் பிழை சாந்து. பங்குனி மாதத்து ஒரு மாலை, எல்லாம் வெளியே போகட்டும் என்று காத்திருந்து, 7.30க்கு ஏணி வைத்து ஏறி, ஒரு வாளி சீமெந்துச் சாந்தால் இடுக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடைத்துவிட்டேன். மேசனுக்கு ஒரு நாள் கூலி மிச்சம் என்ற பெருமையோடு கீழே இறங்கிச் சாப்பிட்டேன். ஒன்பதரைக்குச் சுவருக்குள்ளிருந்து கீச் கீச்சென்று ஒரு சத்தம். வெளியே ரோச் லைட் அடித்துப் பார்த்தால் இருபது முப்பது வௌவால்கள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்து ஈரச் சாந்தில் மோதுகின்றன. உள்ளே குஞ்சுகள். இரை தேடப் போகும்போது தாய் குஞ்சை இருப்பிடத்திலேயே விட்டுப் போகும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறந்த குஞ்சே தாயின் எடையில் ஏறக்குறைய காற்பங்கு இருக்கும், அதைச் சுமந்துகொண்டு எப்படிப் பூச்சி பிடிப்பது?

ஏணியை அம்மாதான் பிடித்தார். “பிள்ளை உள்ளே கிடக்கத் தாயை வெளியே விட்டுப் பூட்டிவிட்டாயேடா” என்று ஒரே பேச்சு. சாந்து இறுகியிருக்கவில்லை, உளியால் தட்டத் தட்ட விழுந்தது. பத்தரைக்கு இடுக்குத் திறந்தது. அதற்குப் பிறகு வௌவாலைத் துரத்து என்று அம்மா சொல்லவில்லை. “அதுகளுக்கு வேறு இடம் கொடு” என்றார். பெட்டிக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது பெட்டிக்கு இணையத்தில் கிடைத்த ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டேன். வட அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் அளவு: 12 மில்லிமீற்றர் பிளைவூட், இரண்டடி உயரம், ஒரே அறை, உள் இடைவெளி முக்கால் அங்குலம், வெளியே கறுப்புத் தீந்தை. கறையான் பிடிக்காமல் இருக்க நானாக ஒரு புத்தி செய்து உள்ளும் புறமும் மரத்துக்குப் பூசும் மருந்து அடித்தேன். வௌவால் பிடித்துத் தொங்க உட்புறத்தில் இரும்புக் கொசுவலை அறைந்தேன். மாமரத்துக் கவட்டில், பன்னிரண்டடி உயரத்தில் கட்டினேன்.

இந்தப் பத்தியில் எத்தனை பிழை என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். மருந்தின் நெடி மூன்று மாதம் போகவில்லை. சிறகையும் மயிரையும் நக்கிச் சுத்தம் செய்யும் பிராணிக்கு அது நேராக வயிற்றுக்குள் போகும். இரும்பு வலை நகத்தையும் சிறகையும் கிழிக்கும். மாமரத்தில் முசுறு, அவை பெட்டிக்குள் இலைக்கூடே கட்டிவிட்டன. பெட்டிக்குக் கீழே கிளைகள் இருந்ததால் விழுந்து பறக்க வெளியும் இல்லை. இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது கறுப்புத் தீந்தை. அந்த வரைபடம் குளிர் நாட்டுக்கானது. அங்கே குஞ்சு வளர்க்கும் தாய் வௌவால்களுக்கு 27 முதல் 38 பாகை செல்சியஸ் வரை சூடு தேவை. கறுப்பு அடித்தால்தான் பெட்டி அவ்வளவுக்கு ஏறும். வைகாசி மாதத்தில் நூல் கட்டிய வெப்பமானி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தேன். பிற்பகல் 2.30க்கு 46 பாகை. அது பெட்டியல்ல, போறணை. பல்லிகூட இருக்கவில்லை.

சோளகக் காற்று ஒரு பக்கக் கம்பியை அறுத்துவிட, ஆனி மாதத்தில் பெட்டியைக் கழற்றினேன். மருந்து பூசிய பலகையை அடுப்பில் வைக்க வேண்டாம் என்று சொல்லியும் அம்மா நெல் அவிக்கும்போது வெளியடுப்பில் வைத்துவிட்டார். புகை அயலெல்லாம் போனது.

அதன் பிறகுதான் முதலே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். வௌவால் ஏற்கெனவே விரும்பி இருக்கும் இடத்தை அளந்தேன். மாலையில் அவை போன பிறகு ஏணியில் ஏறி, சைக்கிள் கம்பி ஒன்றை இடுக்குக்குள் விட்டுப் பார்த்தால் 18 மில்லிமீற்றரிலிருந்து 24 வரை. ஓரிடத்தில் விரல் மூன்று நுழையும். அந்த இடத்தில் எச்சமே இல்லை. அகலமான இடத்தை அவை விரும்பவில்லை. முதுகும் வயிறும் இரண்டு பக்கமும் முட்ட வேண்டும் போலிருக்கிறது. ஒரு பக்கம் சுண்ணாம்புச் சாந்துச் சுவர், மறு பக்கம் சீவாத பனஞ்சலாகை. இரண்டும் சொரசொரப்பு.

வெப்பமானியை மூன்று ஆழங்களில் வைத்து நான்கு நாள் குறித்தேன். மதியம் ஓட்டுக்குக் கீழே 43 பாகை இருந்தபோது இடுக்கின் அடிப்பக்கம் 34தான். மேலுக்கும் கீழுக்கும் ஒன்பது பாகை வித்தியாசம். காலையில் எச்சம் மேல்பக்கமாக விழுந்தது, மதியத்தில் கீழ்ப்பக்கமாக. ஆக, அவை நாள் முழுக்க ஓரிடத்தில் தூங்கவில்லை. சூடு ஏற ஏறக் கீழே நகர்ந்து, ஆற ஆற மேலே போகின்றன. என்னுடைய இரண்டடிப் பெட்டியில் நகர இடமே இல்லை.

இரண்டாவது பெட்டிக்கு இந்த அளவுகள்தான் வரைபடம். உயரம் மூன்றடி. அகலம் 16 அங்குலம். உள்ளே இரண்டு அறைகள், ஒன்று 20 மில்லிமீற்றர், மற்றது 25. பின்பலகை மட்டும் ஆறு அங்குலம் கீழே நீண்டிருக்க வேண்டும். வந்து இறங்குபவை அதில் பிடித்து ஏறிப் போகும். அடி முழுவதும் திறப்பு. முன்பலகையில், அடியிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேலே, அரை அங்குலத்துக்கு ஒரு குறுக்கு வெட்டு, காற்றுக்காக.

மரம் பனை. இடித்த வீடொன்றிலிருந்து வந்த பழைய சலாகைகளை வாங்கினேன். நாலு அங்குல அகலம். நான்கைப் பக்கத்துக்குப் பக்கம் சேர்த்தால் 16. பனையைக் கறையான் இலேசில் தொடாது, மருந்தும் தேவையில்லை. ஆனால் அதை அறுப்பது பெரும் பாடு. வெளிப்பக்கத்துக் கறுப்பு வைரத்தில் என் கைவாள் இரண்டு சலாகையோடு மொட்டையாகிவிட்டது. ஊரில் தச்சு வேலை செய்யும் அண்ணையிடம் கொண்டுபோனேன்.

“என்ன தம்பி, புறாக்கூடா?”

“இல்லை அண்ணை, வௌவாலுக்கு.”

அவர் அளவுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடியில் பலகை இல்லையே?”

“அதுகள் தலைகீழாகத்தானே இருக்கும்.”

“அது சரி. வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு நானும் தொங்கு. பாயா போட வேண்டும்?” என்று சொல்லிக்கொண்டே அறுத்துத் தந்தார். இயந்திர வாளில் அரை மணி நேர வேலை. எனக்கு அது மூன்று நாள்.

உட்பக்கத்தைச் சீவவில்லை. சீவாத பனையில் சிலாம்பு நிற்கும். அது சிறகுத் தோலில் ஏறும். கம்பித் தூரிகையால் நார்ப்போக்கில் நன்றாகத் தேய்த்து நீட்டிக்கொண்டு நின்றவற்றை எடுத்தேன். என் கையில் ஏறிய சிலாம்புகள் தனிக் கணக்கு. பிறகு இரும்பு வாளால் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஒரு குறுக்குக் கீறல், ஒரு மில்லிமீற்றர் ஆழம். மூன்று பலகை, நான்கு முகம், நானூறுக்குக் கிட்டக் கீறல். மாலை நேரங்களில் வானொலியைப் போட்டுவிட்டு இருந்து கீறினேன். துருப்பிடிக்காத திருகாணியால் பூட்டி, மேல் மூடியைச் சரிவாக வைத்து, பொருத்துகளைச் சிலிக்கோன் பசையால் அடைத்தேன். வெளியே மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு, மூன்று பூச்சு.

மரத்தில் கட்டும் யோசனையை விட்டுவிட்டேன். பழைய இடுக்கிலிருந்து மூன்றடி தள்ளி, அதே முகட்டுச் சுவரில், பெட்டியின் அடி 12 அடி உயரத்தில் வரும்படி இரும்புத் தாங்கியில் ஏற்றினேன். கிழக்குப் பார்த்த சுவர். காலை வெயில் படும், பத்தரைக்குப் பிறகு கூரை நிழல். ஐப்பசி மழைக்கு முன் ஏற்றி முடித்தது நல்லதாயிற்று. சுண்ணாம்பு கரையுமோ என்று பயந்தேன். கார்த்திகை மழையில் கொஞ்சம் கரைந்தது, தையில் மறுபடி பூசினேன். இந்த வருடம் வெயில் கடுமையாக இருந்த ஒரு பங்குனி நாளில் உள்ளே மேலே 38, கீழே 33.

பெட்டி இருந்தது, வௌவால் வரவில்லை. பழைய வீடு திறந்திருக்கப் புதிய வீட்டுக்கு யார் போவார்கள்?

மாசி மாதத்தில் ஒருவழி வலை கட்டினேன். இடுக்குக்கு மேலே வலையை அறைந்து, இரண்டு பக்கமும் ஆணி வைத்து, அடியை மட்டும் இரண்டடி கீழே தொங்கவிட வேண்டும். உள்ளே இருப்பது சுவரோடு தவழ்ந்து இறங்கி வெளியேறும். திரும்பி வருவது பழைய வாசலுக்கு நேராக வந்து வலையில் முட்டி, வழி தெரியாமல் போய்விடும். பங்குனிச் சாந்துக் கதை மறக்காததால், அதற்கு முன் ஐந்து வாரம் இரவு எட்டு மணிக்குச் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். பெரியவை போன பிறகு உள்ளே கீச்சுச் சத்தம் இல்லை என்று உறுதியான பிறகே ஆணியைத் தொட்டேன். அந்த வாரம் வெளியேறியவற்றை எண்ணினேன்: 63.

ஆனாலும் ஒரு பிழை. வீட்டில் கிடந்த மீன்வலைத் துண்டைப் பயன்படுத்திவிட்டேன், கண்ணி ஒரு அங்குலம். முதல் இரவே ஒன்று சிறகைக் கொடுத்துச் சிக்கிக்கொண்டது. இருட்டில் மெல்லிய கம்பியைக்கூட எதிரொலியால் அறிந்து விலத்தும் பிராணி எப்படிச் சிக்கியது என்று யோசித்தேன். டொனால்ட் கிரிஃபின் 1938இல் வௌவால்கள் மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழுப்புவதைக் கருவியால் பதிவுசெய்து காட்டியவர். பழகிய வழியில் பறக்கும் வௌவால் எதிரொலியைப் பெரிதாகக் கவனிப்பதில்லை, புதிதாக வைத்த தடையில் போய் மோதும் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். நாங்கள் இருட்டில் எங்கள் வீட்டுக்குள் நடக்கும்போது யாராவது கதிரையை நகர்த்தி வைத்திருந்தால் முழங்காலில் இடித்துக்கொள்வதைப் போல.

தடித்த தோல் கையுறை போட்டு, வலையைக் கத்தரியால் வெட்டி விடுவித்தேன். வெறுங்கையால் யாரும் தொட வேண்டாம். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் பழவௌவால்களில் விசர்நாய்க்கடி வைரசுக்கு உறவான ஒரு வைரசு கண்டறியப்பட்டிருக்கிறது. கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டியதுதான். மறுநாள் கண்ணி நான்கு மில்லிமீற்றருக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் வலை வாங்கி மாற்றினேன். எட்டாம் நாள் இரவு ஒன்றுகூட வெளியே வரவில்லை. இடுக்கைச் சாந்தால் அடைத்தேன், இம்முறை காதை வைத்துக் கேட்டுவிட்டு.

பெட்டியில் அப்போதும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் கூப்பிட்டார். “தம்பி, உன்னுடைய ஆட்கள் எல்லாம் எங்கள் வீட்டுத் தகரப் பத்திக்கு வந்துவிட்டார்கள்.” போய்ப் பார்த்தேன். தகரத்துக்கும் வளைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு கிடந்தன. மாமிக்குச் சொல்ல என்னிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை.

நான்கு மாதம் ஏணியில் ஏறுவதும் பெட்டிக்குள் ரோச் அடிப்பதும் இறங்குவதுமாகப் போனது. இடையில் செய்த ஒரே மாற்றம், பழைய எச்சத்தைத் தண்ணீரில் கரைத்து இறங்குபலகையில் பூசியது. அது வேலை செய்ததா, வெயில் ஏற மாமியின் தகரம் கொதித்ததால் வந்தனவா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனக்கென்னவோ தகரம்தான் என்று படுகிறது. ஆனி கடைசியில் பெட்டிக்குக் கீழே நான்கு மணிகள் கிடந்தன. குச்சியால் அழுத்தினேன். தூளானது.

செலவுக் கணக்கு: முதலாவது பெட்டிக்குப் பிளைவூட் 3,200, தீந்தை 1,450, திருகாணி 380, ஆக 5,030 ரூபாய் புகையாகப் போனது. இரண்டாவதற்குச் சலாகை 4,500, அறுப்புக் கூலி 2,500, திருகாணி 900, சுண்ணாம்பு 150, தாங்கியும் றோல்பிளக்கும் 1,100, வலை 750, மொத்தம் 9,900. மரமருந்தும் சிலிக்கோன் பசையும் முன்பே வீட்டில் இருந்தவை. கைவாளை அரம் போட்டுத் தீட்டிக்கொண்டேன்.

வரவு என்றால், கூரை இடுக்கை அடைக்க முன் திண்ணையிலிருந்து கூட்டிய எச்சம் முக்கால் வாளி. அதைக் காய்ந்தபடி கூட்டக் கூடாது. தூளில் பங்கசு வித்திகள் இருக்கலாம், நுரையீரலைப் பிடிக்கும். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளினேன். மிளகாய்க் கன்றுகளுக்கு ஒரு கைப்பிடி வீதம் மண்ணோடு கலந்து வைத்தேன். முதல் தடவை மண்ணில் கலக்காமல் தண்டோடு ஒட்டிப் போட்டதில் இரண்டு கன்று கருகியது. நைதரசன் அவ்வளவு காரம்.

அயலவர்கள் கேட்பது ஒன்றுதான்: நுளம்பு குறைந்ததா? ஒரு வௌவால் மணித்தியாலத்துக்கு ஆயிரம் நுளம்பு தின்னும் என்று எங்கும் எழுதியிருக்கிறது. அறைக்குள் நுளம்புகளை விட்டுச் சில நிமிடம் பார்த்த சோதனையைப் பெருக்கி வந்த கணக்கு அது. வெளியில் அவை அகப்படுவதைத் தின்னும், அந்துப்பூச்சி, சிறு வண்டு, ஈசல், தத்தி எல்லாம். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில். அந்த நேரத்தில் என் பதினொன்றும் தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே சிரட்டையைக் கவிழ்ப்பதையும் பீலியைத் துப்புரவாக்குவதையும் விடவில்லை. வயல்காரருக்குத்தான் உண்மையான இலாபம். தாய்லாந்தில் நெல்லைத் தாக்கும் வெண்முதுகுத் தத்தியை வௌவால் கூட்டங்கள் பெருமளவில் தின்பதை ஆய்ந்து கணக்கிட்டிருக்கிறார்கள்.

நுளம்பை நம்பிக் கட்டியவர் ஒருவரின் கதை, பெட்டி வெறுமையாக இருந்த நான்கு மாதமும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில், சுகர்லோஃப் தீவில், ரிக்டர் பெர்க்கி என்பவர் 1929இல் முப்பதடி உயரத்தில் ஒரு வௌவால் கோபுரம் கட்டினார். நுளம்புத் தொல்லை தீர்ந்தால் தன் விடுதிக்கு ஆட்கள் வருவார்கள் என்று நினைத்தார். வௌவால்கள் குடிவரவே இல்லை. கோபுரம் வெறுமையாகவே நின்று 2017இல் இர்மா சூறாவளியில் விழுந்தது. என்னுடையது மூன்றடிதான்.

பழவௌவால்கள் மேல் அம்மாவின் கோபம் மட்டும் ஆறவில்லை. ஆனால் கோயில் வீதியில் நிற்கும் இலுப்பை மரத்தைக் காட்டினேன். பூக்கும் இரவுகளில் அந்தச் சதைப்பற்றான பூவைத் தின்ன வருபவை அவைதான். முகத்தில் ஒட்டிய மகரந்தத்தை அடுத்த பூவுக்குக் கொண்டுபோவதும் அவைதான். பழத்தைத் தூக்கிப் போய் வேறிடத்தில் சூப்பிக் கொட்டையைப் போடுவதும் அவைதான். இலுப்பெண்ணெய் விளக்குக்கு வேண்டும் என்றதும் கொஞ்சம் யோசித்தார். “அதுக்கு இலுப்பைப் பழத்தோடு நிற்கலாமே” என்றார். இந்த வருடம் கறுத்தக்கொழும்பானில் எட்டும் உயரத்துக் குலைகளுக்கு மட்டும் பழைய துணிப் பை கட்டினேன். மேலே இருப்பது அவற்றுக்கு.

அடுத்த பெட்டியில் 25 மில்லிமீற்றர் அறையை விட்டுவிடுவேன்; பதினொன்றும் 20இல்தான் இருக்கின்றன, மற்றதில் ஒரு பல்லி. உயரத்தை இன்னும் அரையடி கூட்டுவேன். பின்பலகையில் கீறலை வாளால் கீறாமல், அறுக்கும்போதே இயந்திரத்தில் கீறித் தரும்படி அண்ணையிடம் கேட்பேன். முதலில் பெட்டியை ஏற்றி, அதில் பத்தாவது குடியேறும் வரை வலையைத் தொட மாட்டேன்.

அந்த அடுத்த பெட்டி மாமி வீட்டுக்கு. 63இல் பதினொன்று போக மிச்சம் இன்னும் அவருடைய பத்தியில்தான் இருக்கின்றன. அவர் கேட்கவில்லை, ஆனால் நேற்று மதிலடியில் இரண்டு பழைய சலாகைகளைக் கொண்டுவந்து சாத்தி வைத்திருந்தார்.